குவைத் கம்ப்யூட்டருக்கு ஒரு கரண்ட் பெட்டி

என்னங்க, நேற்று மத்தியானம் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் எரிந்துபோனது. புகை கொஞ்சம்தான். வாசனைதான் வீடு முழுக்க நின்றுவிட்டது. செப்புக் கம்பிமேல் பூசும் வார்னிஷ் சூடேறிக் கருகும் வாசனை. லீவுக்கு வந்திருக்கும் கவிதா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். நான் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பயந்துட்டியாம்மா?" என்றாள்.

பயமில்லை. கோதண்டம் கம்ப்யூட்டருக்குச் செய்துகொடுத்த தகரப் பெட்டி முதல் நாள் சூடானபோது இந்த வாசனைதான் அடித்தது. அன்றைக்கு நீங்கள் வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றது அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. கவிதாவுக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அந்த அரபி கம்ப்யூட்டர் இன்னும் பரண்மேலதான் இருக்குதா? இப்ப அதையெல்லாம் தேடித் தேடி வாங்கறாங்கம்மா" என்றாள். இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் அதைக் கேட்டதே இல்லை. உட்கார்ந்து பேச நமக்கு வாய்க்கவும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

குவைத்தில் சண்டை மூண்டது ஆடி மாதம். நீங்கள் வந்து சேர்ந்தது ஐப்பசியில். பம்பாய் வரை விமானம், அங்கிருந்து ரயில், சென்னையிலிருந்து பஸ். காஞ்சிபுரம் கீரைமண்டபம் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தீர்கள். பாதி உடம்பு. கையில் ஒரே ஒரு பை. பைக்குள் ஒரு லுங்கி, சட்டை, பாஸ்போர்ட், அப்புறம் கவிதாவுக்காக வாங்கி வைத்திருந்த அந்த வீட்டுக் கம்ப்யூட்டர். தட்டெழுத்து இயந்திரத்தைச் சப்பையாக நசுக்கின மாதிரி இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஆங்கில எழுத்து ஒன்று, பக்கத்திலேயே அரபி எழுத்து ஒன்று. டி.வி.யில் மாட்டினால் வேலை செய்யும் என்று முன்பு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

மாகறலிலிருந்து உங்கள் அண்ணன் பார்க்க வந்தார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் உசுரைக் கையில புடிச்சிக்கினு வந்தாங்க. இவன் இதைப் புடிச்சிக்கினு வந்திருக்கான்பா" என்றார்.

யாரோ சிரித்தார்கள். நீங்கள் அதை அவர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

அந்த மடியை விட்டு அது இறங்கவே இல்லை. வேலை தேடிப் போகவில்லை. குவைத்தில் ஸ்டோர் கணக்கு பார்த்தவர் என்று கேள்விப்பட்டு இரண்டு பட்டுக் கடைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். "பாக்கலாம்" என்றீர்கள். நான் பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் விற்பனைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வந்தால், சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். மின்சாரம் இல்லை, டி.வி.யோடு இணைப்பு இல்லை. சும்மா தட்டுவீர்கள். அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பக்கத்து வீட்டில் தறி ஓடினால் அதற்கு ஒரு பலன் இருக்கிறது, மாலைக்குள் நாலு விரல் துணி ஏறும். இதில் என்ன ஏறியது?

ஒருநாள் கேட்டேன். "இதுக்கு கரண்ட் பெட்டி ஒண்ணு இருக்கணுமே, அது இல்லையா?"

"இருக்குது."

"எங்க?"

"வரும்" என்றீர்கள்.

பார்சலில் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷம் போனது, இன்னொரு பொங்கலும் போனது. எந்தப் பார்சலும் வரவில்லை. பெட்டி இல்லாததுதான் உங்களை இப்படி உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அது ஓடினால் நீங்களும் ஓடுவீர்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு எதைப் பிடித்து உங்களை எழுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் குளத்துக்குப் போன ஒரு காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயில்வே ரோட்டில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் கோதண்டத்திடம் போனேன். பின்பக்கத்தில் வட்டமான ஒரு ஓட்டை, அதற்குள் ஏழு சின்னத் துளைகள். கோதண்டம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எந்தத் துளையில எத்தனை வோல்ட்டுன்னு தெரியாம குடுத்தா பொகைஞ்சிடும்மா. அடியில எதுனா எழுதியிருக்குதா பாருங்க."

எழுதியிருந்தது, அரபியில். ஆங்கிலத்தில் இருந்த வரி தேய்ந்து போயிருந்தது. ஒரு வெள்ளைத்தாளை வைத்து அந்த எழுத்துகளைப் பென்சிலால் ஒற்றி எடுத்துக்கொண்டு, சங்கத்தில் என்னோடு வேலை பார்த்த ஷகீலாவோடு போய் அவர்கள் ஜமாத்தில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "தண்ணி படாம வைக்கவும், வெயில்ல வைக்க வேண்டாம்னு போட்டிருக்குது. வேற ஒண்ணும் இல்லைமா" என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது. படியிறங்கும்போது ஷகீலா சிரித்தாள், நானும் சிரித்தேன். தெரு முனையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் சென்னை. புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள்தான் கரண்ட் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவைச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பழைய நூல் புடவையில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஷகீலா வீட்டு விசேஷத்துக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் அது எங்கே என்று தேடினால்? அந்தப் பயத்தோடுதான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஆம்பிளைகள் மட்டும் நிற்கிற கடைகள். என்னைப் பார்த்ததும் மிக்ஸி ரிப்பேரா என்று கேட்டார்கள். ஒருவர் ஓட்டையைப் பார்த்ததும் உள்ளேயிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். முனை அப்படியே பொருந்தியது. வாங்கிவிட்டால் அன்று மாலையே வீட்டில் விளக்கு எரியும். பணத்தைக்கூட எடுத்துவிட்டேன்.

பக்கத்துக் கடையில் மேசையோரம் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே பேசினார். "அது வேற மிஷினுக்கு உள்ளதுமா. மூஞ்சி ஒண்ணா இருந்தா போதாது. உள்ள பின் மாறி இருந்துச்சுன்னா, சொருகின அடுத்த நொடி செத்துடும்."

அவரிடமே திறந்து பார்க்கச் சொன்னேன். திருகுகளைக் கழற்றி, உள்ளே ஓடும் செப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போய், எந்தத் துளை எந்தச் சில்லுக்குப் போகிறது என்று பார்த்தார். ரொம்ப நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை அவரும் தப்பாகக் கணக்குப் போட்டு, தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தார். கடைசியில் ஒரு சிகரெட் அட்டையில் படம் போட்டுக்கொடுத்தார். எந்தத் துளையில் ஐந்து வோல்ட், எந்தத் துளையில் பன்னிரண்டு, எவற்றைத் தொடவே கூடாது என்று.

"ரெடிமேடா கிடைக்காதுமா. உங்க ஊருலயே கம்பி சுத்தி செய்யச் சொல்லுங்க."

கோதண்டம் சுற்றினார். டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி, பழைய ஸ்டெபிலைசரின் தகரக் கூட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். கவிதா டி.வி.க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் மீட்டரை வைத்து ஒவ்வொரு துளையாகச் சரிபார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"போடட்டுமா?"

"போடுங்க."

திரை நீலமாக மாறியது. வலமிருந்து இடமாக ஒரு வரி அரபி எழுத்து வந்து நின்றது. கவிதா ஒரு கட்டையைத் தட்டினாள், K விழுந்தது. அடுத்தது A. தன் பெயரை முழுக்க அடித்துவிட்டுக் கைதட்டினாள். புதுப்பெட்டி சூடாகி வார்னிஷ் வாசனை கூடத்தில் பரவியது. அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள்.

சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தீர்கள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பொய் சொல்லமாட்டேன், கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"யூசுப் எங்க?" என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை. செருப்போடு உள்ளே வந்தீர்கள். சமையலறையைப் பார்த்தீர்கள். பின்கட்டுக் கதவைத் திறந்து கிணற்றடி வரை போய்ப் பார்த்தீர்கள். "யூசுப்பு" என்று ஒருமுறை கூப்பிட்டீர்கள். கோதண்டம் எழுந்து நின்றுவிட்டார். கவிதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க யூசுப்? யாரும் வரல. பெட்டி நான் செய்யச் சொன்னது" என்றேன்.

நீங்கள் அந்தத் தகரப் பெட்டியைக் குனிந்து பார்த்தீர்கள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"வேற எதுக்கு செஞ்சே? அதான் அவன்கிட்ட இருக்குதே."

அன்று சாயங்காலம் வரை கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். யூசுப் உங்களோடு ஒரே அறையில் இருந்தவர், மேல்விஷாரத்துக்காரர். அவசரமாகக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை உங்கள் பையிலும், கனமான கரண்ட் பெட்டியை அவர் பையிலும் வைத்துக்கொண்டீர்கள். எல்லையில் பாலைவனத்தில், கூட்டத்தில், லாரிகள் வந்தபோது பிரிந்துவிட்டீர்கள்.

"அவன் வேற வண்டியில போயிட்டான். காய்ச்சல் வேற. அந்த வண்டி எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல."

"வீடு தெரியுமா?"

"தெரியும். தெருப் பேரே தெரியும்."

"மேல்விஷாரம் இங்கிருந்து ரெண்டு மணி நேரம்தானேங்க. ஏன் போகல?"

"போனா தெரிஞ்சிடும்" என்றீர்கள்.

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெட்டி வராத வரைக்கும் யூசுப் எங்கோ வந்துகொண்டிருக்கிறார். நான் போய்ப் புதிதாக ஒன்று செய்து வைத்துவிட்டேன். ஒயரைப் பிடுங்கினேன். நீலம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு உங்களை நான்தான் வேலூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழி முழுக்க நீங்கள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆற்காடு தாண்டியதும் "எறங்கிடலாமா" என்றீர்கள். நான் டிக்கெட்டை உங்கள் சட்டைப் பையில் வைத்தேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. பச்சைத் திரை. யூசுப்பின் மனைவி திரையை விலக்கிப் பார்த்தார். நீங்கள் பெயரைச் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்க இருக்கீங்களா?" என்றார்.

அவர் கணவர் உங்களுக்கு முன்பே ஊர் வந்துவிட்டிருந்தார். உடம்பு தேறியதும் சௌதிக்குப் போய்விட்டார். வேலையில் இருக்கிறார், மாதம் தவறாமல் பணம் வருகிறது. சுவரில் போட்டோ இருந்தது, சதை போட்டு நன்றாக இருந்தார். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? ரொம்ப கனமா இருந்துச்சாம். வழியிலேயே போட்டுட்டேன்னு சொன்னாரு" என்றார் அந்தப் பெண், ஒரு தப்பும் நினைக்காமல். "உங்க பேரைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. நீங்க போயிட்டீங்கன்னு இல்ல நாங்க நெனச்சோம். காஞ்சிபுரம் போகணும் போகணும்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு."

திரும்பி வரும் பஸ்ஸில், "உயிரோட இருக்கான்" என்றீர்கள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே சொன்னீர்கள். வாலாஜாவுக்கு அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். வாய் திறந்து, எச்சில் ஒழுக, குழந்தை மாதிரி. குவைத்திலிருந்து வந்தபின் நீங்கள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அதோடு சரியாகிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பட்டுக் கடையில் கணக்குக்குச் சேர்ந்தீர்கள். கம்ப்யூட்டர் கவிதாவுக்கு வந்தது. அவள் அதில் விளையாடினாள், டைப் அடித்தாள், பெரியவளானதும் மறந்தாள். ஆனால் யூசுப்பின் சௌதி விலாசத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரரை வாசலில் நிறுத்தி விசாரிப்பீர்கள். பிறகு அவர் வரும் நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுவீர்கள். "ஒரு வரி போட்டிருக்கலாம் இல்ல?" என்று நான் ஆரம்பித்தால், "விடு" என்பீர்கள். போகும்வரை அந்த ஒரு சொல்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்த அன்றும் அவரைப் பற்றி எனக்கு இதற்குமேல் ஒன்றும் தெரியாது.

போன மாதம் யூசுப் வந்தார்.

தாடி வெளுத்திருந்தது. கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். உங்கள் படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் விசாரித்து, நீங்கள் போய்விட்டது தெரிந்துதான் வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன். காப்பி கொடுத்தேன். கடிதம் கிடைத்ததா என்று நேராகவே கேட்டேன்.

"கெடச்சுது அண்ணி. எத்தனையோ தடவை எழுத உக்காந்தேன். அண்ணன் செத்துட்டாருன்னு அழுது முடிச்சவன் நான். இருக்காருன்னு தெரிஞ்சப்ப, எந்த மூஞ்சிய வச்சிக்கினு எழுதறது?"

"பெட்டியைத் தூக்கிப் போட்டதுக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட சொல்லலையா?"

பிறகு சொன்னார். லாரியில் இடம் கிடைத்தது உங்களுக்குத்தானாம். பேர் கூப்பிட்டு, ஏறி, உட்கார்ந்தும்விட்டீர்களாம். கீழே யூசுப் காய்ச்சலில் நிற்க முடியாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் நீங்கள் இறங்கி, அவரைத் தூக்கி உங்கள் இடத்தில் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள்.

"உங்களையும் கொழந்தையையும் சொல்லி, வேணாம்ணே, வேணாம்ணேன்னேன். அவரு கேக்கல. அடுத்த லாரி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. தண்ணி கெடையாது. அந்த முகாம்ல ஜனங்க சாவறாங்கன்னு அம்மான் ஏர்போர்ட்ல சொன்னாங்க. நான் விமானம் ஏறினப்ப அவரு இன்னும் அங்கதான் இருந்தாரு."

அவரைப் பஸ் நிலையம் வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். சன்னல் வழியாக, "என்னை மன்னிச்சிட்டீங்களா அண்ணி?" என்றார். "உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் எனக்கு என்ன கணக்கு? என் கணக்கு உங்களோடு.

நீங்கள் அந்த முகாமில் உட்கார்ந்திருந்த வாரங்களில் இங்கே கவிதாவுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். சங்கத்தில் ஒருத்தி என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்கள் அண்ணன் என் அப்பாவிடம் தனியே போய், எதற்கும் தயாராக இருக்கச் சொன்னார். அந்த நாட்களை எல்லாம் சண்டையின் தலையில் எழுதி வைத்திருந்தேன். பாதியை நீங்கள் உங்கள் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

நல்லது செய்தீர்கள். யூசுப்புக்குப் பேரக் குழந்தைகள் இரண்டு பேராம், படத்தைக் காட்டினார். யாராவது கேட்டால் என் புருஷன் இப்படிப்பட்டவர் என்று தலை நிமிர்ந்து சொல்வேன், கவிதாவிடம் சொல்லியும்விட்டேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஏறி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தீர்களே, அந்த நேரத்தில் என் நினைவு வந்ததா? வரவே இல்லை என்றால் என்னால் தாங்க முடியாது. வந்தும் இறங்கினீர்கள் என்றால், அதை எப்படித் தாங்குவது என்றும் தெரியவில்லை.